முதல் செகண்ட் ஹேண்ட் கார்: ஆண்டைவிட மாதம் முக்கியம்

லைசென்ஸ் கைக்கு வந்த பிள்ளைக்குப் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அடுத்து வருவது பிராண்டுச் சண்டைதான். மாமா மாருதி என்பார், சித்தப்பா ஹூண்டாய் என்பார், பிள்ளையோ கேட்பதற்கு முன்பே ஸ்விஃப்ட் என்று முடிவு செய்து வைத்திருக்கும். அந்தக் கார் எந்த மாதம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மூன்று, மூன்றரை லட்ச ரூபாய்க்குள் முதல் கார் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

காரணம் இது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் அடிக்கும் பீப் ஒலி, பின்பக்க பார்க்கிங் சென்சார் எல்லாம் கட்டாயம் ஆயின. அதற்கு மூன்று மாதம் முன்னால், 2019 ஏப்ரலில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாகியிருந்தது. புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு மட்டும் அது ஓராண்டு முன்பே வந்துவிட்டது.

இந்தப் பட்டியலை ஒரு புது ஓட்டுநரின் கண்ணால் பாருங்கள். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் பழகாத கால் என்ன செய்யும்? பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கும். ஏ.பி.எஸ். இல்லாத காரில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். மழையில் நனைந்த தார்ச்சாலையில் இது இன்னும் மோசம். ஏ.பி.எஸ். இருந்தால் மிதித்த கால் மிதித்தபடியே இருக்கலாம், வண்டியும் திரும்பும். இருபது வருடம் ஓட்டியவர் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துச் சமாளித்துவிடுவார். ஏ.பி.எஸ். யாருக்கு அவசியம் என்று பார்த்தால், இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியவருக்குத்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டு சுவரை உரசுவதும், பைபாஸில் ஏறியதும் வேகம் தெரியாமல் போவதும் ஆரம்ப காலத்துத் தவறுகளே. சென்சாரும் பீப் ஒலியும் அந்த இரண்டையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். அந்த பீப் ஒலி காதைக் குடைகிறது என்று சிலர் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். வாங்கும்போது அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

2019-க்கு முந்தைய சின்ன கார்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பார்த்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் தரும் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. ஐந்தும் பூஜ்ஜிய நட்சத்திரம். அதே போலோவை இரண்டு ஏர்பேக்குடன் மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் வந்தது. ஃபோக்ஸ்வேகன் ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதையே நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்விஃப்டும் டட்சன் கோவும் பூஜ்ஜியம் வாங்கின. பிள்ளை கேட்கும் 2014 ஸ்விஃப்ட், விலை குறைந்த வேரியன்ட் என்றால், அந்த வகைதான்.

அதற்காக, 2019 ஜூலைக்குப் பின் வந்ததெல்லாம் கோட்டை என்று சொல்ல வரவில்லை. 2020 நவம்பரில் சோதிக்கப்பட்ட எஸ்-பிரெஸ்ஸோ ஓட்டுநர் ஏர்பேக் இருந்தும் பூஜ்ஜியமே வாங்கியது. 2019-இல் வேகன்ஆர், சான்ட்ரோ இரண்டுக்கும் இரண்டு நட்சத்திரம். 2020 ஜனவரியில் டாடா டியாகோ நான்கு வாங்கியது. முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் வேண்டும் என்றால் இன்னொரு தேதி உண்டு: ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அது 2021 டிசம்பருக்குப் பிறகுதான் கட்டாயமானது. அதாவது 2022 ஜனவரி முதல் தயாரான கார்களில் இரண்டு ஏர்பேக் நிச்சயம். அதற்கு முன்னாலும் மேல் வேரியன்ட்களில் இருந்தது. பழைய மாருதிகளில் வேரியன்ட் பெயருக்குப் பின்னால் ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்து இருந்தால், ஏர்பேக் போன்ற கூடுதல் பாதுகாப்பு கொடுத்த வேரியன்ட் என்று பொருள். விளம்பரத்தில் இதை எழுத மறந்துவிடுவார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சரி, தயாரான மாதத்தை எங்கே பார்ப்பது? ஆர்.சி.யிலேயே இருக்கிறது. பதிவு தேதி வேறு, தயாரிப்பு மாதம் வேறு. ஷோரூம் யார்டில் ஐந்தாறு மாதம் நின்றுவிட்டு விற்பனையான வண்டிகள் நிறைய. 2019 செப்டம்பரில் பதிவான ஒரு கார் அந்த ஆண்டு மார்ச்சிலேயே தயாராகியிருக்கலாம். விற்பவர் ‘2019 மாடல் சார்’ என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் ஏ.பி.எஸ். இல்லாமல் இருக்கலாம்.

எந்தக் கார்?

இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஆல்ட்டோ, வேகன்ஆர், செலேரியோ, சான்ட்ரோ, கிராண்ட் ஐ10, டியாகோ. இவற்றில் உங்கள் ஊரில் எதற்கு நல்ல மெக்கானிக்கும் பக்கத்துக் கடையில் உதிரிபாகமும் கிடைக்கிறதோ அது. மதுரையிலோ ஈரோட்டிலோ மாருதிக்கு கிளட்ச் பிளேட் கேட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் கைக்கு வரும். சான்ட்ரோ 2018 அக்டோபரில் மீண்டும் அறிமுகமாகி 2022-இல் நின்றது. ஆனால் ஹூண்டாய் இன்னும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்துகொண்டுதான் இருக்கிறது, பாகங்களுக்குப் பெரிய பஞ்சமில்லை. கிராண்ட் ஐ10, டியாகோ இரண்டும் இந்தத் தொகைக்குக் கொஞ்சம் எட்டாமல் நிற்கும். ஊருக்கு ஊர் விலை மாறும், தேடினால் சிக்கும்.

ஆசை காட்டும் வகை ஒன்று உண்டு: கம்பெனியே நாட்டைவிட்டுப் போன கார்கள். செவர்லே 2017 கடைசியில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022-இல் கடைசிக் கார் வெளிவந்தது. டட்சனும் அந்த ஆண்டே மூடுவிழா கண்டது. இவற்றின் விலை சம வயது மாருதியைவிட நன்றாக இறங்கியிருக்கும். ஃபிகோவைக் குறை சொல்ல மனம் வராது, ஓட்ட அருமையான வண்டி. ஆனால் முதல் கார் வாங்குகிற பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு ஹெட்லைட்டுக்காக மூன்று வாரம் வண்டியை ஷெட்டில் நிறுத்திவைக்கும் பொறுமையும், கார்ப் பித்துப் பிடித்த ஒரு மெக்கானிக்கும் வேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். புது ஓட்டுநர் பம்பரையும் கண்ணாடியையும் உடைப்பது நடக்கத்தான் போகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் வேண்டாம். மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால்தான் அது கட்டுப்படியாகும். கல்லூரிக்கோ முதல் வேலைக்கோ போகிறவர் அவ்வளவு ஓட்டப்போவதில்லை. பழைய டீசலில் டர்போ, இன்ஜெக்டர் என்று ஏதாவது ஒன்று போனால் அந்த வருட மிச்சமெல்லாம் அதற்கே போய்விடும். கிளட்ச் மிதிக்காமல் தானாகவே மாறும் ஏ.எம்.டி. கியர் உள்ள செலேரியோ, வேகன்ஆர் ஓட்ட எளிது, நெரிசலில் சுகம். ஆனால் கியரை மாற்றிக்கொடுக்கும் அதன் ஆக்சுவேட்டர் பழுதானால் செலவு அதிகம். வாரன்ட்டி தீர்ந்த ஏ.எம்.டி.யை வாங்குவதானால் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், உதறினால் விட்டுவிடலாம்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு ஏற்ற பாகங்களுடன் கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். நம் தொகைக்குள் வரும் கார் எதுவும் அந்த வகையில் சேராது. மைலேஜ் கொஞ்சம் குறையும், சர்வீஸின்போது எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதற்காக வாங்காமல் இருக்கத் தேவையில்லை.

விலைக்கு மேல் வரம்பு எது?

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு பழைய கார் பேரம் மாறிவிட்டது. அன்றுதான் 1200 சிசிக்குள், நான்கு மீட்டர் நீளத்துக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது; அதுவரை செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதம். ஆல்ட்டோ கே10-இன் ஷோரூம் விலை அப்போது 3.70 லட்சத்தில் தொடங்கியது, எஸ்-பிரெஸ்ஸோ 3.50 லட்சத்தில். அந்த ஆல்ட்டோவில் ஆறு ஏர்பேக் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்குள் உள்ள காருக்குச் சாலை வரி 12 சதவீதம். அதையும் இன்சூரன்ஸையும் சேர்த்தால் சாலைக்கு வரும்போது நாலரை லட்சத்தை ஒட்டி நிற்கும்.

ஆறு வயது ஆல்ட்டோவுக்கு ஒருவர் மூன்றரை லட்சம் கேட்டால், இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக்காட்டலாம். இன்னும் பல இடங்களில் வரி குறைவதற்கு முந்தைய விலைதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய காருக்கான கடன் வட்டி புதுக் கார் வட்டியைவிடக் கணிசமாக அதிகம் என்பதையும் சேர்த்தால், முழுப் பணமும் கடன் வாங்கி வாங்குகிறவருக்குப் புது ஆல்ட்டோவே லாபமாகிவிடும். கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு இரண்டரை, மூன்று லட்சத்துக்குள் முடிப்பவருக்குத்தான் பழைய கார் பொருளுள்ளது.

விற்பவரைப் பொறுத்தும் விலை மாறும். தனியாளிடம் தனியாள் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவு பெற்ற வியாபாரி விற்றால் அவருடைய லாபத்தின்மேல் 18 சதவீதம் அவர் கட்ட வேண்டும், அது உங்கள் விலையில்தான் ஏறும். ஆன்லைன் கம்பெனிகளும் மாருதி ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனி கடைகளும் கூடுதல் விலைக்குப் பதிலாகச் சோதனை, சில மாத வாரன்ட்டி, பெயர் மாற்றும் வேலை ஆகியவற்றைத் தருகின்றன. வீட்டில் வண்டி தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம். ஊரில் பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரரிடம் பேரம் நன்றாக நடக்கும். வாரன்ட்டி என்பது ‘ஏதாவதுன்னா நம்ம கடைக்கு வாங்க தம்பி’ என்ற அளவில் இருக்கும்.

கண்ணால் பார்க்கும்போது

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லுங்கள், ‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த இன்ஜினின் குறை எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. குளிர் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது நீராவி, பயமில்லை. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால் ஆடை போல் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். இரவிலோ, வண்டி கழுவி ஈரமாக இருக்கும்போதோ பார்க்காதீர்கள். பெயின்ட் வேறுபாடு அப்போது தெரியாது.

பெயின்ட் போட்டதே குற்றமில்லை. நம் ஊர்ச் சாலையில் ஆறு வருடம் ஓடிய காரில் பம்பருக்கும் கதவுக்கும் டச் அப் இல்லாவிட்டால்தான் அதிசயம். பார்க்க வேண்டியது சட்டகம். பானட்டைத் திறந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளைப் பாருங்கள்: தொழிற்சாலை வெல்டிங் புள்ளி புள்ளியாக, சம இடைவெளியில் இருக்கும், டிங்கரிங் பட்டறையில் போட்டது கோடாக, கரடுமுரடாக இருக்கும். ஃபெண்டர் போல்ட்டுகளின் மேல் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துவிட்டு உள்ளே இருக்கும் தகட்டு விளிம்பைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தரை நேராக இருக்கிறதா, சுருங்கி நிமிர்த்தியதா என்று பாருங்கள். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பு ஆண்டின் குறி இருக்கும். எல்லாம் ஒரே ஆண்டாக இருந்து ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டி ‘இருபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு’ என்று சொல்லப்பட்டு டயர் இரண்டாவது செட்டாக இருந்தால், மீட்டர் திருப்பப்பட்டதா என்ற கேள்வி எழும். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலும் தெரியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி, ஓனர் கூட இருந்தால், கடைசி சர்வீஸ்களின் கிலோமீட்டரைக் கேட்டுப் பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவது இப்போது நிமிட வேலை. டாக்டர் ஓட்டிய வண்டி, லேடி டிரைவ்ன் வண்டி என்பதையெல்லாம் காதில் வாங்க வேண்டாம். மாநிலத்தில் இருக்கும் டாக்டர்களைவிட டாக்டர் வண்டிகள் அதிகம்.

வெள்ளம் தனிக் கதை. 2019-க்குப் பிறகு தயாரான கார் என்பதால் 2015 சென்னை வெள்ளத்திலிருந்து தப்பிவிட்டது. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும், அதே மாதம் நடுப்பகுதியில் தூத்துக்குடி, நெல்லையிலும் நீரில் நின்ற கார்களில் நம் வகைக் கார்களும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு இழப்பு என்று தீர்த்து ஏலம் விட்ட வண்டிகளை வாங்கி, உலர்த்தி, சீட் கவர் மாற்றி விற்பது பெரிய தொழில். இப்படிப்பட்டவை முதல் ஒரு வருடம் ஓடும், அப்புறம் ஒயரிங்கில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஏர்பேக், ஏ.பி.எஸ். இரண்டின் மூளையும் மின்னணுப் பெட்டிகள். எதற்காக இந்தத் தேதிக் கோட்டைப் பிடித்தோமோ அதுவே கெட்டுப்போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். கார் கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. சேற்றுக் கறைக் கோடு இருந்தால் அங்கேதான் தெரியும். முன்சீட்டுக்கு அடியில் உள்ள ரெயிலில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண், ஸ்டெப்னி குழியில் வண்டல், இவையும் அடையாளங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் வெயிலில் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கடைசியாக, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அணையவில்லையென்றால் பழுது. இரண்டில் எதுவானாலும் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

உரசல் எது, விபத்து எது என்பதைக் கணிக்க இன்னொரு தடயம் ஓடிக்கொண்டிருக்கும் இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாமல் போகப் போக அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே ஓனரின் ஆறு வயதுக் காரில் பூஜ்ஜியம் இருந்தால், பாலிசி விட்டுப்போனதா, கடந்த வருடம் ஏதாவது நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஆடியோவை அணையுங்கள். இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், அதில் ஒரு மோசமான சாலையும் ஒரு ஏற்றமும் இருக்கட்டும். ஓட்டப்போகிற பிள்ளையும் ஓட்ட வேண்டும். முன்னால் பானட்டின் விளிம்பு தெரிகிறதா, கிளட்ச் எட்டுகிறதா, பின் கண்ணாடியில் பார்வை சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

பலகையின் எழுத்து

குறைந்த விலையில் பளபளவென்று இருக்கும் காரில் பதிவு எண் டி.எல். என்று தொடங்கினால் நின்று யோசியுங்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருட டீசல் கார்களுக்கும் பதினைந்து வருட பெட்ரோல் கார்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் விதித்த தடையால் அங்கே கார்கள் சீக்கிரம் விலை இறங்கி, தெற்கே வந்திருக்கின்றன. பாண்டிச்சேரி எண் உள்ள கார்கள் நம் பக்கம் இன்னும் சாதாரணம். அங்கே சாலை வரி குறைவு. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புதிய எண் வாங்க வேண்டும். அதற்கு முந்தைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, இங்கே வயதுக்கேற்ற வரி, அலைச்சல் எல்லாம் சேரும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம். ஐம்பதாயிரம் விலை குறைவு என்று வாங்கி அதைவிட அதிகமாக இங்கே கட்டியவர்கள் உண்டு. முதல் காருக்கு டி.என். எண்ணோடு நிற்பது நல்லது. உங்கள் மாவட்டத்து எண்ணாகவே கிடைத்தால் இன்னும் சுலபம்.

வாடகை வண்டிக்கான டி போர்டிலிருந்து சொந்த வண்டிக்கான ஓன் போர்டுக்கு மாற்றிய கார்களும் சந்தையில் உண்டு. வாடகைக்கு ஓடியது என்பதே கெட்டது என்றில்லை, ஆனால் கிலோமீட்டர் பல மடங்கு இருக்கும். பரிவாகன் தளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் பதிவு எண்ணைப் போட்டால் வண்டி வகை, எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். அபராத பாக்கியை இ-சலான் பக்கத்தில் பார்த்துவிடுங்கள், பேரம் பேசும்போது உதவும்.

பேப்பரும் இன்சூரன்ஸும்

பிரிட்டனில் இளம் ஓட்டுநருக்கு எந்தக் கார் என்பதைப் பாதி இன்சூரன்ஸ் கம்பெனியே முடிவு செய்துவிடும். அங்கே கார்களை 1 முதல் 50 வரை குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். பதினெட்டு வயதுக்காரர் பெரிய இன்ஜின் கார் எடுத்தால் பிரீமியமே காரின் விலையைத் தொட்டுவிடும். அதனால் வீட்டில் யாரும் தடுக்காமலேயே சின்ன கார்தான் அமையும். இங்கே அந்தக் கடிவாளம் கிடையாது. சொந்தச் சேத பிரீமியம் வண்டியின் மதிப்பு, சிசி, வயது, பதிவான மண்டலம் ஆகியவற்றை வைத்துப் போடப்படுகிறது. மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயித்தது: 2022 ஜூன் முதல் 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஓட்டுவது ஐம்பது வயது அப்பாவா பதினெட்டு வயது மகளா என்பது இந்த எண்களைப் பெரிதாக அசைப்பதில்லை. எஸ்.யு.வி. வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம் ‘இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வீட்டிலேயேதான் பேசித் தீர்க்க வேண்டும்.

கார் யார் பெயரில் என்பதும் யோசிக்க வேண்டியது. பெரும்பாலும் அப்பா பெயரில்தான் வாங்குகிறார்கள். கட்டாயமாக எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கானது. அப்பா பெயரிலுள்ள காரை மகன் ஓட்டி அடிபட்டால் அந்தப் பணம் மகனுக்கு வராது. தினமும் ஓட்டப்போவது பிள்ளைதான் என்றால், ஆர்.சி.யும் பாலிசியும் பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் தனி விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொடுங்கள். லைசென்ஸ் வருவதற்கு முன்பே தெருவுக்குள் பழகட்டும் என்று சாவியைக் கொடுப்பவர்களுக்கு: 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது நம் ஊரின் பழைய வழக்கம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றுக் கையெழுத்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, பல வருடம் கழித்து அடுத்தவருக்கு விற்பார்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் மாற்றிக்கொள்ள வேண்டும். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. அந்தக் கார் அதற்குள் பல கை மாறியிருந்தது. இதைச் சொன்னால் விற்பவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போவார். வண்டிமேல் கடன் இருந்து முடிந்திருந்தால், பேங்கின் என்.ஓ.சி.யும் கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு கேன்சல் ஆகாத ஆர்.சி.யோடு அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்சூரன்ஸும் தானாக முழுமையாக மாறாது. மூன்றாம் நபர் பகுதி வண்டியோடு வரும்; சொந்தச் சேதப் பகுதிக்கு 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடே போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்டுவீர்கள். ஐந்து வருடத்தைத் தாண்டிய காருக்கு மதிப்பு எவ்வளவு என்பதைக் கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்வீர்கள். பிரீமியம் குறையட்டும் என்று அதை மிகவும் தாழ்த்தினால் வண்டி திருட்டுப் போனால் அந்தத் தொகைதான் கிடைக்கும். ஆரம்ப வருடங்களில் முழுக் காப்பீடே எடுங்கள்.

வாங்குவதற்கு ஒதுக்கிய தொகையில் ஒரு முப்பது, நாற்பதாயிரத்தைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், விற்றவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும். டயர் ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் நான்கையும் மாற்றுவது நல்லது. பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காவிட்டால் ஏ.பி.எஸ்.ஸாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆல்ட்டோ 800-இல் இருப்பது டைமிங் பெல்ட். வேகன்ஆர், செலேரியோவின் கே சீரிஸ் இன்ஜின்களில் செயின். பெல்ட் உள்ள வண்டியில் அதை மாற்றியதற்கு பில் காட்ட முடியவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிடுங்கள்.